கூடு விட்டுக் கூடு

ஒரு தேய்ந்த பிளாப்பி டிரைவ் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் சிபி/எம் என்ற ஓஎஸ் பிறந்திருக்காது. எழுபதுகளின் தொடக்கத்தில் கேரி கில்டால் கலிபோர்னியாவின் மான்டரேயில், அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் இன்டெல்லுக்கு ஆலோசகர். இன்டெல்லின் சிறிய சிப்புகளுக்கு அன்று புரோகிராம் எழுதுவதென்றால் எங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் எழுதி, காகித நாடாவில் ஓட்டை போட்டு எடுத்துவர வேண்டும். அந்த அலைச்சல் இல்லாமல் சின்ன மெஷினிலேயே எழுத அவருக்கு ஆசை. ஷுகார்ட் கம்பெனியில் பத்தாயிரம் மணி நேரம் ஓட்டிச் சோதித்துக் கழித்த எட்டு அங்குல டிரைவ் ஒன்று கையில் கிடைத்தது. டிரைவ் மட்டும்தான். அதைக் கம்ப்யூட்டரோடு பிணைக்கும் கன்ட்ரோலர் இல்லை. தானே செய்து பார்த்தார், வரவில்லை. ஒரு வருஷம் போல அது சும்மா கிடந்தது. கடைசியில் நண்பர் ஜான் டோரோட் கன்ட்ரோலரைச் செய்து கொடுத்தார். பசிபிக் குரோவ் வீட்டின் பின்புறக் கொட்டகையில், 1974-இல், டிரைவ் முதன்முதலாகப் பதில் சொன்னது. அந்த டிரைவுக்காக எழுதியதுதான் சிபி/எம்.

இன்டெல் அதை வேண்டாம் என்றது. கில்டாலும் மனைவி டோரதியும் டிஜிட்டல் ரிசர்ச் என்று கம்பெனி தொடங்கித் தாங்களே விற்றார்கள். பெரிய வாடிக்கையாளராக வந்தது இம்சாய். டிரைவுகளைச் செய்து தள்ளிவிட்டு, அவற்றை ஓட்ட சாஃப்ட்வேர் இல்லாமல் விழித்த கம்பெனி. 25,000 டாலர் கொடுத்து உரிமை வாங்கியது. ஒவ்வொரு கம்பெனியின் டிரைவும் ஒவ்வொரு விதம். ஆள் மாறும்போதெல்லாம் மொத்தத்தையும் திருத்தி எழுத கில்டாலுக்கு அலுத்துவிட்டது. அதனால் மெஷினைத் தொடும் பகுதியை மட்டும் தனியாக வெட்டி எடுத்தார். பயாஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் சிலர் வாயில் வரும் சொல் அதுதான்.

1979-இல் வந்த 2.2 பதிப்பில் பயாஸுக்குப் பதினேழு வாசல்கள். கீபோர்டில் எழுத்து வந்ததா, எழுத்தைக் கொடு, எழுத்தைத் திரைக்கு அனுப்பு, இந்த டிரைவைத் தேர்ந்தெடு, இந்த டிராக்குக்குப் போ, 128 பைட்டைப் படி, எழுது, இப்படி. மேலே இருக்கும் சிபி/எம்முக்குக் கீழே என்ன மெஷின் என்று தெரியவே தெரியாது. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள் என்பார்களே, அந்த வித்தைக்குத் தேவையான ஏற்பாடு இது. ஐம்பது வருஷம் கழித்தும் இந்த ஓஎஸ்ஸுக்குப் புது உடம்பு கட்ட முடிகிறதென்றால் காரணம் அந்த ஒரு வெட்டுதான். அதே காலத்தில் மெஷினோடு மெஷினாக ஒட்டிப் பிறந்த எத்தனையோ ஓஎஸ்கள் அந்த மெஷின்களோடு காயலான் கடைக்குப் போய்விட்டன.

பாய்ந்த கூடுகளில் நமக்கு நெருக்கமானது ஆஸ்பார்ன் 1. 1981 ஏப்ரலில் வந்தது. விலை 1,795 டாலர், எடை பதினோரு கிலோ, ஐந்தங்குலத் திரை, ஒரு வரிக்கு 52 எழுத்து. எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விற்றார்கள். தூக்கியவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன், கம்பெனி ஆடம் ஆஸ்பார்னுடையது. ஆடமின் அப்பா ஆர்தர் ஆஸ்பார்ன் ரமண மகரிஷியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர், ‘தி மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கியவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் அவரைப் பாங்காக்கில் சிறை வைத்திருந்தபோது குடும்பம் திருவண்ணாமலையில் இருந்தது. ஆடம் ஓடியாடி வளர்ந்தது அங்கேதான். தமிழ் பேசுவார். கலிபோர்னியாவில் பெரிய ஆளாகி, நொடித்து, உடல் நலம் கெட்டுத் திரும்பி வந்து, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்ததால் இருக்கிற மாடலை வாங்க ஆளில்லாமல் கம்பெனி 1983-இல் திவாலானது என்று கதை. வணிகப் படிப்பில் அதற்கு ஆஸ்பார்ன் விளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கென்னவோ போட்டியாக வந்த கேப்ரோதான் பெரிய அடி என்று தோன்றும். அதே விலை, ஒன்பதங்குலத் திரை, எண்பது எழுத்து, அதே சிபி/எம். ஓஎஸ் எந்தக் கூட்டிலும் ஒன்றேபோல் ஓடும் என்றால், வாங்குகிறவன் நல்ல கூடாகப் பார்த்து வாங்குவான். வித்தை கற்றுக்கொடுத்தவனையே பதம் பார்க்கும் இடம் இது.

ஒரு கேப்ரோ கொழும்புக்கும் போனது. ஆர்தர் சி. கிளார்க் ‘2010’ நாவலைக் கொழும்பில் வேறொரு மெஷினில், வேர்டுஸ்டார் என்ற எழுதும் சாஃப்ட்வேரில் எழுதி ஒரே பிளாப்பியில் நியூயார்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செயற்கைக்கோள் நிலையம் வழியாகப் போயின. அது படமானபோது, 1983-இல், இயக்குநர் பீட்டர் ஹயம்ஸ் அமெரிக்காவிலும் இவர் கொழும்பிலும் ஆளுக்கொரு கேப்ரோவும் மோடமும் வைத்துக்கொண்டு கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். அது தனிப் புத்தகமாகவே வந்திருக்கிறது.

ஐபிஎம் பிசியில் சிபி/எம் தோற்ற கதையைப் பலர் பல விதமாகச் சொல்லியாயிற்று. விலைப்பட்டியல் போதும்: ஐபிஎம் பிசிக்கு மைக்ரோசாஃப்டின் டாஸ் 40 டாலர், சிபி/எம் 240 டாலர். அந்த டாஸ் சிபி/எம்மைப் பார்த்து எழுதியது. ஏ, பி என்று டிரைவுக்குப் பெயர், எட்டெழுத்துப் பெயரும் மூன்றெழுத்து வாலும், எல்லாம் அங்கிருந்து வந்தவை. ‘கான்’ என்ற பெயரில் விண்டோஸில் ஃபோல்டர் உருவாக்க முடியாது, மைக்ரோசாஃப்டுக்கே காரணம் தெரியாது, ஓர் இந்தியர் கண்டுபிடித்தார் என்று ஒரு மெயில் இரண்டாயிரங்களில் எல்லோர் இன்பாக்ஸுக்கும் வந்ததே, ஞாபகமிருக்கும். சிபி/எம்மில் கான் என்றால் கன்சோல், கீபோர்டும் திரையும். டாஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது, விண்டோஸ் அதைச் சுமக்கிறது. மர்மம் ஒன்றுமில்லை.

கில்டால் 1991-இல் கம்பெனியை நோவெல்லுக்கு விற்றார். 1994-இல், 52 வயதில் இறந்தார். சிபி/எம்மின் உரிமை கை மாறிக்கொண்டே போய், 2022-இல் பிரையன் ஸ்பார்க்ஸ், உரிமையை வைத்திருக்கும் கம்பெனியின் சார்பில், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார். ஆகவே இப்போது கூடு கட்டுவதில் சட்டச் சிக்கல் கிடையாது.

இங்கிலாந்தின் கிராண்ட் சர்ல் ஒன்பது சிப்பில் சிபி/எம் ஓடும் வரைபடம் ஒன்றை வெளியிட்டார். அதை அடியொற்றி ஸ்பென்சர் ஓவன் ஆர்சி2014 என்ற கிட்டைக் கொண்டுவந்தார். வாங்கி ஈயம் வைத்தால் போதும். நான் கிட்டை விட்டுவிட்டு சர்லின் வரைபடத்தை டாட் போர்டில் வயர் இழுத்துக் கட்டினேன். சென்னை ரிச்சி தெருவில் ஐசி பேஸ், கிரிஸ்டல், எழுபத்துநாலு வரிசைச் சின்ன ஐசிகள் எல்லாம் கிடைக்கும். இசட்80 தான் ஆன்லைனில் தேட வேண்டியிருந்தது.

இசட்80-ஐப் படைத்தவர்கள் ஃபெடரிகோ ஃபாஜினும் மசதோஷி ஷிமாவும். இன்டெல்லை விட்டு வெளியே வந்து ஜிலாக் கம்பெனியில், 1976-இல் செய்தது. இன்டெல் 8080-க்கு எழுதியவை பெரும்பாலும் இதில் அப்படியே ஓடும். அதற்கு மூன்று விதமான வோல்டேஜ் வேண்டும், இதற்கு ஐந்து வோல்ட் ஒன்றே போதும். 2024 ஜூனில்தான் ஜிலாக் இந்தப் பழைய நாற்பது கால் இசட்80-க்குக் கடைசி ஆர்டர் வாங்கியது. அதற்குப் பிறகு ஆன்லைனில் வருவதில் பலவும் பழைய போர்டிலிருந்து பிடுங்கியது. முதுகை உரசி, புது மை பூசி, இருபது மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருப்பார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் ஒரு தேய் தேய்த்தால் பல நேரம் குட்டு வெளிப்பட்டுவிடும். சாமர்த்தியமான போலி என்றால் உள்ளேயே கேட்டுப் பார்க்கலாம். இசட்80-இல் கையேட்டில் இல்லாத ஒரு கட்டளை உண்டு, ஹெக்ஸில் இடி 71. பழைய என்மாஸ் ரகம் அதற்கு வெளியே பூஜ்யத்தை அனுப்பும், புது சிமாஸ் ரகம் எஃப்எஃப் அனுப்பும். சிமாஸ் என்று அச்சடித்த சிப் பூஜ்யம் சொன்னால் அதன் வயசு தெரிந்துவிடும். வயசானாலும் ஓடும், கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்.

கையால் வயர் இழுக்கிறவனின் பொறுமையை இந்த சிப் சோதிக்கும். டேட்டா கால்கள் வரிசையில் இல்லை. ஏழாம் காலில் டி4, எட்டில் டி3, ஒன்பதில் டி5, பத்தில் டி6; நடுவே பதினொன்றில் ஐந்து வோல்ட்; பிறகு டி2, டி7, டி0, டி1. ஒவ்வொரு வயருக்கும் மல்டிமீட்டரின் பீப் கேட்காமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. கிரிஸ்டல் 7.3728 மெகாஹெர்ட்ஸ், வினோதமான எண்தான், ஆனால் 64-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 1,15,200. லேப்டாப்போடு பேசும் சீரியல் வேகம் அது.

நம் ஊரில் இசிஇ படித்தவர்களுக்கு 8085 கிட் தெரியும். ஹெக்ஸ் கீபேடில் 4100-இலிருந்து புரோகிராம் அடிப்போம். ஏன் பூஜ்யத்திலிருந்து அடிப்பதில்லை? அங்கே ராம் அல்ல, மானிட்டர் புரோகிராம் இருக்கும் ரோம் உட்கார்ந்திருக்கும்; ஆன் செய்ததும் சிப் முதலில் பார்ப்பது பூஜ்யத்தைத்தான். சிபி/எம்முக்கோ பூஜ்யத்திலிருந்து ராம் வேண்டும்; புரோகிராம்கள் எல்லாம் ஹெக்ஸ் 100-இல் தொடங்கும் என்பது அதன் சட்டம். இரண்டும் ஒரே இடத்தைக் கேட்கின்றன. சர்ல் சொன்ன வழி: ரோம் முதலில் எழுந்து, சிபி/எம்மை ராமின் மேல்பக்கத்துக்கு ஏற்றிவிட்டு, ஹெக்ஸ் 38 என்ற போர்ட்டில் ஒரு பைட் எழுதும். அந்தக் கணத்தில் ரோம் வரைபடத்திலிருந்தே விலகிவிடும், கீழே முழுக்க ராம். வரைபடத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

டிரைவுக்குப் பதில் சிஎஃப் கார்டு. கல்யாண போட்டோகிராபர்கள் பழைய கேமராவோடு மூட்டை கட்டி வைத்தது ஒன்று நண்பரிடம் இருந்தது. எல்லாக் கார்டும் ஒத்துவராது, அது வந்தது. சிபி/எம் 2.2-க்கு ஒரு டிரைவ் எட்டு மெகாபைட்டுக்கு மேல் எட்டாது. ஆகவே 64 எம்பி கார்டு ஏ முதல் எச் வரை எட்டு டிரைவாகிறது. கார்டு 512 பைட்டாகப் பேசும், சிபி/எம் 128 பைட்டாகக் கேட்கும். பயாஸ் நடுவில் நான்காகக் கூறு போடும். கார்டில் டிராக்கும் கிடையாது. பயாஸ் ஒரு கணக்குப் போட்டு, இருப்பதாக நடிக்கிறது. காகித நாடாவில் ஓட்டை போடும் வாசல், நாடாவைப் படிக்கும் வாசல் இரண்டும் இன்னும் பதினேழில் உண்டு. அவற்றை இரண்டாவது சீரியல் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால் ஆயிற்று.

புதிதாகச் செருகிய கார்டில் அப்படியே டைரக்டரி கேட்டால் திரை முழுக்கக் குப்பை கொட்டும். அந்நாளைய ஐபிஎம் பிளாப்பிகள் ஃபார்மேட் ஆகும்போது ஹெக்ஸ் இ5 என்ற பைட்டால் நிரம்பி வரும். கில்டால் அதையே, இ5 இருந்தால் அந்த இடம் காலி என்று வைத்துக்கொண்டார். டாஸும் அழித்த ஃபைலின் முதல் எழுத்தில் இ5-ஐத்தான் எழுதியது. பென் டிரைவில் அழிந்த போட்டோவை மீட்டுத் தரும் கடைக்காரர் தேடுவதும் பல நேரம் அதே பைட்தான். கார்டிலும் டைரக்டரி இடத்தை இ5-ஆல் நிரப்பிய பிறகுதான் ‘ஏ>’ என்ற குறிக்கு முன்னால் மரியாதையாக ‘நோ ஃபைல்’ என்று வந்தது.

முதலில் ஏற்றியது வேர்டுஸ்டார். 1978-இல் ராப் பார்னபி சிபி/எம்முக்காக எழுதியது. தொண்ணூறுகளில் டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று போர்டு மாட்டிய கம்ப்யூட்டர் சென்டரில் படித்தவர்களின் விரல் இன்னும் கன்ட்ரோல் கே, டி என்று போகும். ஓடியது, அடித்தது, சேமித்தது. எழுதிய கடிதத்தை லேப்டாப்புக்கு அனுப்பிப் பார்த்தால், கிட்டத்தட்ட ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்மாணல். கார்டு பழுதில்லை. வலப்பக்க ஓரத்தைச் சீராக்கும்போது எங்கே இடைவெளியை நீட்டலாம் என்று தெரிந்துகொள்ள, வேர்டுஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தில் எட்டாவது பிட்டை ஏற்றி வைக்கும். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்ற தைரியம். பின்னாளில் டிஸ்கி போன்ற குறியீடுகள் தமிழைக் குடிவைத்தது அந்த எட்டாவது பிட்டின் பக்கம்தான். வேர்டுஸ்டாரின் டாக்குமென்ட் முறையில் அதற்கு இடமே இருந்திருக்காது.

கடிதத்தில் அந்த எட்டாவது பிட்டை நீக்க லேப்டாப்பில் ஒரு புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். தேவைப்படவில்லை. சிபி/எம்மின் நகலெடுக்கும் கட்டளையான பிப்-இல், ஃபைல் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் இசட் என்று போட்டால் நகலெடுக்கும்போதே எட்டாவது பிட்டைத் துடைத்துவிடும். கையேட்டில் முதலிலிருந்தே இருக்கிறது. பி டிரைவுக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பினேன், கடிதம் சுத்தமாகத் திறந்தது.