துருக்கி எங்கே... வாணியம்பாடி எங்கே?

பாலாற்றங்கரையில் டேனரி வைத்திருக்கும் பாய் துருக்கியைப் பார்த்திருக்க மாட்டார். அவருடைய பாட்டன், பூட்டனும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தெருவில் ஒரு தகராறு முற்றினால், எதிராளி வாயில் சட்டென்று வரக்கூடிய வார்த்தை, 'துலுக்கன்'! அதாவது, துருக்கிக்காரன்.

எப்படி வந்தது இந்தப் பட்டம்?

1206-ல் டெல்லியில் சுல்தான் ஆட்சியைத் தொடங்கிவைத்த குத்புதீன் ஐபக், துருக்கிய இனத்தவர். வடமொழியில் 'துருஷ்கர்' என்றார்கள். தமிழில் அது துருக்கராகி, துலுக்கராகிவிட்டது. வேடிக்கை என்ன தெரியுமா? 1311-ல் மதுரை வரை படையோடு வந்து நம் ஊர்களைக் கலங்கடித்த மாலிக் காஃபூர் துருக்கியரே அல்ல. குஜராத்தின் காம்பத் துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை! பட்டம் கொடுக்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை.

அதற்கும் முன்னால் வேறொரு பெயர் இருந்தது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கிரேக்க, ரோமானிய வணிகர்களைச் சங்கப் புலவர்கள் 'யவனர்' என்றார்கள். 'அயோனியர்' என்ற கிரேக்கப் பெயர், பாரசீகம் வழியாக நடந்து வந்து தேய்ந்த வடிவம் அது. பின்னாளில் அரபு வணிகர்கள் வந்தபோது, அதே சொல் இன்னும் தேய்ந்து 'சோனகர்' ஆனது. ஆள் மாறினார், மதம் மாறியது, லேபிள் மட்டும் மாறவில்லை!

'பறங்கி' கதையும் இதேதான். பிரான்ஸுக்குப் பெயர் கொடுத்த 'ஃபிராங்க்' இனத்தை அரேபியர்களும் பாரசீகர்களும் 'ஃபரங்கி' ஆக்கினார்கள். நாம் அதைப் போர்த்துக்கீசியர் தலையில் கட்டினோம். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்டோ டி நொபிலிக்கு இந்த ஒரு சொல்தான் பெரிய தலைவலி. பறங்கி என்றால் மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன் என்று ஊர் முகம் சுளித்தது. மதம் மாற வந்தவர்களிடமோ, 'பறங்கிக் குலத்தில் சேர்கிறாயா?' என்ற பொருள்படக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் சேருவார்? தான் பறங்கியே இல்லை என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு, காவி உடுத்தித் தமிழ் படிக்கத் தொடங்கினார் நொபிலி.

இது நம்முடைய பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். கிரேக்கர்களுக்கு மற்றவர் பேச்சு 'பர்... பர்...' என்று கேட்டது, 'பார்பேரியன்' பிறந்தான். அரேபியர்களுக்கு மற்றவர்கள் 'அஜம்', தெளிவாகப் பேசத் தெரியாதவர்கள். ரஷ்யர்கள் ஜெர்மானியருக்கு வைத்த பெயரின் வேர், 'ஊமை'! நம் மொழி பேசாதவனுக்கு வாயே இல்லை என்று முடிவுகட்டுவதில் உலகமே ஒற்றுமையாக இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட சொற்கள் சில சமயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தும்விடும். ஸ்ரீரங்கத்தில் அரங்கனுக்குப் பக்கத்திலேயே துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு; அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியம். சென்னையில் துலுக்காணத்தம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். பறங்கிக்காய் இல்லாத சாம்பார் யோசித்துப் பாருங்கள்!

ஆனால், எல்லா இடத்திலும் இப்படி இனிப்பாக முடிவதில்லை. இலங்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'இலங்கைச் சோனகர்' என்பது தனி இனம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். யாழ்ப்பாணத்தில் அவர்கள் பெயரில் சோனகத் தெருவே இருந்தது. 1990 அக்டோபர் இறுதியில், இரண்டே மணி நேரக் கெடுவில் அவர்களை வெளியேற்றினார்கள் விடுதலைப் புலிகள். பேசிய மொழி ஒன்றுதான். தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணும் ஒன்றுதான். ஆனாலும் 'இவர்கள் வேறு' என்ற எண்ணம் ஜெயித்துவிட்டது.

மறுபடி வாணியம்பாடிக்கு வருவோம். 1919-லேயே இஸ்லாமியா கல்லூரி கண்ட ஊர். இங்கே உருது பேசுகிறவர்களும் உண்டு, தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. 'உருது' என்பதே படை முகாமைக் குறிக்கும் துருக்கியச் சொல்தான். துருக்கி இங்கே இருப்பது அந்த அளவுக்குத்தான். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் புரட்டினால், ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லப்பைகள் என்று எழுதி, அவர்கள் பேசும் மொழி தமிழானாலும் உருதுவானாலும் சரி என்று சேர்த்திருப்பார்கள். மொழியை வைத்து ஆளைப் பிரிக்காதே என்று, சத்தமில்லாமல் ஓர் அரசாங்கப் பட்டியல் சொல்கிறது!

நாம்தான் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வேங்கடத்துக்கு அப்பால் இருந்தவர்களைச் சங்க காலம் 'வடுகர்' என்றது. இரண்டாயிரம் வருடம் கழித்து, வேலை தேடி ரயிலேறி வரும் பீகார், ஒடிசா பையன்களை 'வடக்கன்' என்கிறோம். சொல்லில் தப்பில்லை, அது வெறும் திசைதான். சொல்லும்போது உதடு எந்தப் பக்கம் சுழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.