ரான்சம்வேர் ஆய்வின் வளர்ச்சியும் டெல்லி எய்ம்ஸ் தாக்குதலும்

முன்னுரை

2022 நவம்பர் 23 அன்று காலை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி அமைப்பு முடங்கியது. புறநோயாளர் பதிவு, ஆய்வகம், கட்டண ரசீது எல்லாம் கையெழுத்துக்குத் திரும்பின. சர்வரில் இருந்த தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது.

அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்ட, வலையமைப்பைப் பிரித்துவைக்காத குறை ஆய்வுலகுக்குப் புதிதன்று. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலான ரான்சம்வேர் பற்றிய ஆய்வு முப்பதாண்டுகளில் எப்படி வளர்ந்தது, அந்த வளர்ச்சியில் எய்ம்ஸ் நிகழ்வு எங்கே நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பாதிக்கப்பட்டோர் நடந்ததை வெளிப்படையாக எழுதிவைத்த இடங்களில் இந்த ஆய்வு முன்னேறியிருக்கிறது. நம் நாட்டில் குறைவாக இருப்பது அந்தப் பழக்கமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறியாக்கம் ஆயுதமான கதை

1989 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர்கள் உட்பட ஏராளமானோருக்குத் தபாலில் ஒரு பிளாப்பி டிஸ்க் வந்தது. எய்ட்ஸ் பற்றிய தகவல் என்ற பெயரில் வந்த அந்த நிரல், கணினியைத் தொண்ணூறு முறை இயக்கியதும் கோப்புப் பெயர்களைக் குழப்பி மறைத்துவிட்டு, 189 டாலரைப் பனாமாவுக்கு அனுப்பச் சொன்னது. அனுப்பியவர் ஜோசப் பாப் என்ற பரிணாம உயிரியலாளர். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி பயன்பட்டதால், நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் சில வாரங்களில் மாற்று நிரல் எழுதிக் கோப்புகளை மீட்டனர். இதுவரை அறியப்பட்ட முதல் ரான்சம்வேர் மருத்துவ ஆய்வாளர்களையும் குறிவைத்துப் புறப்பட்டிருக்கிறது.

இந்தப் பலவீனத்தை ஆடம் யங், மோட்டி யுங் இருவரும் 1996இல் கோட்பாட்டளவில் ஆராய்ந்தனர். வைரஸ் தன்னுடன் பூட்டும் பொதுச் சாவியை மட்டும் எடுத்துச் சென்று, திறக்கும் தனிச் சாவி தாக்குபவரிடமே தங்கிவிட்டால், வைரஸை வரி வரியாகப் படித்தாலும் கோப்பைத் திறக்க முடியாது என்று காட்டினர். அதுவரை தற்காப்புக் கருவியாகவே எண்ணப்பட்ட குறியாக்கம் மிரட்டலுக்கும் உதவும் என்ற அவர்களது எச்சரிக்கை நடைமுறையில் பேருருவம் எடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பிட்காயின் வந்து, பணம் வாங்குபவரை மறைக்க வழி பிறந்த பிறகு, 2013இல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேர் இந்த மிரட்டலைப் பெரும் தொழிலாக்கியது.

நடத்தையைக் கவனித்தல்

கணிதத்தால் உடைக்க முடியாத பூட்டை எதிர்கொள்ள, ஆய்வாளர்கள் பூட்டும் செயலையே கவனிக்கத் தொடங்கினர். குறியாக்கம் செய்த கோப்பின் பைட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ஒரு நிரல் குறுகிய நேரத்தில் பல கோப்புகளை அப்படி மாற்றினால் சந்தேகிக்கலாம். இந்த அடிப்படையில் 2016இல் புளோரிடாவில் உருவான கிரிப்டோடிராப் என்ற கருவி, ஏறத்தாழ 5,100 கோப்புகள் கொண்ட சோதனையில், இடைநிலை அளவாகப் பத்துக் கோப்புகளே பறிபோன நிலையில் தாக்குதலை நிறுத்தியது.

இந்திய ஆய்வும் இந்தப் பாதையில் சேர்ந்தது. கரக்பூர் ஐஐடியைச் சேர்ந்த தேப்தீப் முகோபாத்யாய் உள்ளிட்டோர் 2018இல் வெளியிட்ட ராப்பர் என்ற முறை, கோப்புகளை விட்டுவிட்டு பிராசசருக்குள் இருக்கும் செயல்திறன் எண்ணிகளைப் பார்த்தது. இயல்பான இயக்கம் எது என்று முதலில் கற்று, அதிலிருந்து விலகுவதை அது அடையாளம் காட்டும். சென்னை ஐஐடியில் செஸ்டர் ரெபைரோ, காமகோடி குழுவினர் வேறொரு குறையைத் தொட்டனர். பல ஆய்வுகள் தீநிரல்களை அடைத்த சோதனைச் சூழலில் ஓடவிட்டே தரவு திரட்டின. அங்கே தீநிரல் தன் முழு இயல்பைக் காட்டுவதில்லை. ஆகவே இணையத்தோடு இணைந்த உண்மையான கணினிகளில் அதை இயக்கிப் பதிவுசெய்த ராடார் தரவுத்தொகுப்பை 2022இல் வெளியிட்டனர். கண்டறியும் கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது, அதற்குக் கற்றுக்கொடுத்த தரவைப் பொறுத்தது என்பதே இதன் உட்பொருள்.

பணமும் நிறுவனமும்

2018இல் மற்றொரு குழு பிட்காயின் பேரேட்டைப் பின்தொடர்ந்து, இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேரிடமிருந்து 1.6 கோடி டாலருக்கு மேல் பிணைத்தொகையாகக் கைமாறியதாக மதிப்பிட்டது. தொழில்நுட்பத்தோடு நின்றிருந்த ஆய்வு பொருளாதாரத்துக்கு நகர்ந்தது.

அடுத்த நகர்வு நிறுவன நிர்வாகத்தை நோக்கியது. இதற்கு வழிவிட்டவை மருத்துவமனைத் தாக்குதல்கள் பற்றி வெளியான ஆவணங்கள். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80ஐப் பாதித்தது. அது பயன்படுத்திய மென்பொருள் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது என்பதை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டில் அறிக்கையாக எழுதியது. 2021 மே மாதம் அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை முடங்கியபோதும் டிசம்பரிலேயே விரிவான அறிக்கை வந்தது. மார்ச்சில் ஒருவர் திறந்த எக்செல் கோப்பு வழியே நுழைந்தவர்கள் எட்டு வாரம் உள்ளேயே உலவினர் என்ற செய்தி அதிலிருந்துதான் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

எய்ம்ஸ் தரும் சான்று

எய்ம்ஸ் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்தவை பெரும்பாலும் நாடாளுமன்றப் பதில்களில் உள்ளன: ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு குறியாக்கம் செய்யப்பட்டது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம். பாதிக்கப்படாத காப்பு சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் என்ற மருத்துவமனைச் செயலியின் தரவு மீட்கப்பட்டது. இரண்டு வாரங்களில் பெரும்பாலான சேவைகள் திரும்பின. பிணைத்தொகையாகக் குறிப்பிட்ட தொகை எதுவும் கேட்கப்படவில்லை என்றும் அரசு கூறியது.

இந்தச் சில வரிகளே பாடம் சொல்கின்றன. தரவு மீண்டதற்குக் காப்பு நகல் காரணம். சேதம் பரவியதற்குப் பிரிக்கப்படாத வலையமைப்பு காரணம். இரண்டும் கண்டறியும் கருவிகளுக்கு அப்பாற்பட்ட நிர்வாக முடிவுகள். ஆனால் முதல் நுழைவு எங்கே, உள்ளே எத்தனை நாள் தங்கினர், எந்தப் பிரிவு எப்போது மீண்டது என்பவை இல்லாமல், பிற மருத்துவமனைகள் தங்கள் நிலையை ஒப்பிட முடியாது. ஆய்வாளரும் தம் மாதிரியைச் சோதிக்க முடியாது.

தகவல் திரட்டும் ஏற்பாடு நம்மிடம் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால் 2023 நவம்பரில் அதே செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தகவல் அரசிடம் சேர்கிறது. அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வரும் பாதை குறுகிவிட்டது.

முடிவுரை

நடப்பு விசாரணையைப் பாதுகாக்க மறைப்பு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயம் காலவரம்புக்கு உட்பட்டது. விசாரணை முடிந்தபின், நோயாளிகளின் விவரங்களை நீக்கி, நுழைவு, பரவல், மீட்பு ஆகியவற்றின் காலவரிசையை வெளியிடுவதால் பாதுகாப்பு குலையாது என்பதற்கு இங்கிலாந்தும் அயர்லாந்தும் சான்று. கரக்பூரிலும் சென்னையிலும் கருவி செய்யும் திறமை இருக்கிறது. அதைச் சோதிக்க இந்திய மருத்துவமனையின் அனுபவமே தரவாகக் கிடைக்கும்படி, ஒவ்வொரு பெரும் தாக்குதலுக்கும் பொது அறிக்கை வெளியிடுவதைச் சட்டக் கடமையாக்க வேண்டும்.