களனி ரஜமகா விகாரை

களனி ரஜமகா விகாரை, கொழும்பு கோட்டைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில், களனி ஆற்றின் வட கரையில் உள்ள பௌத்த வழிபாட்டிடம். புத்தர் வந்துபோனதாக இலங்கைப் பௌத்தர் நம்பும் 16 தலங்களில் ஒன்று. பாளி நூல்கள் இவ்வூரைக் கல்யாணி என்கின்றன.

வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஆறுதான். நெளுக்குளம், பம்பைமடு பக்கத்து ஊர்களெல்லாம் குளத்தை நம்பி எழுந்தவை. வவுனியாவிலும் மடுக்கந்தையில் பழைய விகாரை ஒன்று உண்டு, ஆனால் அதன் வாசலில் ஆறு இல்லை. சிவனொளிபாதமலைத் தொடரில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிக் கொழும்பின் வட எல்லையில் கடலில் விழும் களனி, வருடம் முழுவதும் வற்றாது. 2016 மே மாத வெள்ளத்தில் இதன் தாழ்ந்த கரைகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. விகாரையின் பெயரும் புகழும் இந்த ஆற்றோடு சேர்ந்தே வளர்ந்தவை.

கதையும் வரலாறும்

மகாவம்சத்தின்படி புத்தர் மூன்று முறை இலங்கைக்கு வந்தார். முதலில் மகியங்கனை. இரண்டாவது முறை, மணி பதித்த ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்ற இரு நாக அரசர்கள் போருக்கு நின்றபோது, அவர்களைச் சமாதானப்படுத்த நாகதீபத்துக்கு வந்தார். அந்தப் போரில் மருமகன் மகோதரனுக்குத் துணையாகப் போயிருந்தவன் களனியின் நாக அரசன் மணியக்கிகன். அவன் வேண்டிக்கொண்டபடி, ஞானம் பெற்ற எட்டாம் ஆண்டில் புத்தர் களனிக்கு வந்தார் என்பது வரலாற்றேடு சொல்வது. ஆசனத்துக்காகச் சண்டையிட்ட இரு நாக அரசர்களைத் தமிழ் வாசகர் மணிமேகலையின் மணிபல்லவத்தில் ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். நாகதீபத்தை இன்று நயினாதீவு என்று கொள்வது வழக்கம். அந்த ஆசனம் களனித் தாதுகோபத்துக்குள் இருப்பதாக நம்பிக்கை.

அடுத்த கதை களனி அரசன் திஸ்ஸனுடையது. அரசியோடு தொடர்பு வைத்திருந்த அவன் தம்பி, பிக்கு வேடமிட்ட ஒருவன் கையில் அவளுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினான். எழுத்தைப் பார்த்துத் தலைமைத் தேரர் எழுதியதென்று தவறாக நினைத்த அரசன், குற்றமற்ற அவரைக் கொதிக்கும் எண்ணெயில் இட்டுக் கொன்றான். கடல் பொங்கி நாட்டுக்குள் புகுந்தது. அதைத் தணிக்க, மகளைப் பாத்திரம் ஒன்றில் ஏற்றிக் கடலில் விட்டான். ருகுணையில் கரையொதுங்கி, காவந்திஸ்ஸனை மணந்து, எல்லாளனோடு போரிட்ட துட்டகைமுனுவைப் பெற்ற விகாரமகாதேவி அவள்தான்.

கல்வெட்டுச் சான்றோடு பேசக்கூடிய நிகழ்ச்சி 15ஆம் நூற்றாண்டில் நடந்தது. 1476ஐ ஒட்டி, பெகு நாட்டு அரசன் தம்மசேதி தன் நாட்டுத் தேரர் 22 பேரைச் சீடர்களோடு கோட்டை இராச்சியத்துக்கு அனுப்பி, மறுபடி உபசம்பதை பெறச் செய்தான். துறவேற்புச் சடங்குக்குக் குற்றமற்ற எல்லை, அதாவது சீமை, வேண்டும். நிலத்தில் வகுத்த எல்லையில் பிழை காணலாம். ஓடும் ஆற்றின் மேல், ஒருவர் கையால் வீசும் நீர் விழும் தூரமே எல்லையாகிவிடும். ஆகவே சடங்கு களனி ஆற்றில் நடந்தது. திரும்பி வந்தவர்கள் பெகுவில் அமைத்த சீமைக்குக் கல்யாணி சீமை என்றே பெயர். இதைச் சொல்லும் கல்யாணிக் கல்வெட்டுகளில் தமிழருக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது: திரும்பும் வழியில் கப்பல் உடைந்ததால் கால்நடையாகப் போன தேரர்கள் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை இருந்த இடத்தைப் பார்த்து வணங்கினார்கள். நாகையின் பௌத்தத்துக்கு இது பிற்காலச் சான்று.

அதே நூற்றாண்டில் தொட்டகமுவ ஸ்ரீ ராகுல தேரர் பாடிய சிங்களத் தூது நூல் செலலிஹினி சந்தேசய. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் மகளுக்கு ஆண் குழந்தை வேண்டி, களனியில் கோயில் கொண்ட விபீஷணனிடம் பறவையைத் தூதனுப்பும் நூல் அது. அந்த இளவரசியின் பெயர் உலகுடைய தேவி. பெயரைப் படித்தாலே அக்காலக் கோட்டை அரண்மனையில் தமிழ் எவ்வளவு தூரம் புழங்கியது என்று தெரியும். விபீஷணன் கோயில் இன்றும் விகாரை வளவுக்குள் இருக்கிறது. கம்பனின் வீடணனுக்குப் பூத்தட்டு வைத்து வணங்குகிறவர்களைப் பார்ப்பது தமிழ்ப் பயணிக்குச் சற்று விந்தையாகவே இருக்கும்.

1551இல் கோட்டை அரசன் ஏழாம் புவனேகபாகு களனியில்தான் போர்த்துக்கேயரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் விகாரையை இடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில், கரையோரம் டச்சுக்காரர் கையில் இருந்தபோது, கண்டி அரசன் கீர்த்தி சிறி இராஜசிங்கனின் ஆதரவில் மறுபடி எழுந்தது. அந்த அரசன் மதுரை நாயக்கர் உறவில் வந்தவன். ஆகவே “2,500 ஆண்டு பழமை” என்று வழிகாட்டிகள் சொல்வது இடத்தின் பெயருக்குப் பொருந்தும், கட்டடத்துக்குப் பொருந்தாது. இன்று நாம் பார்க்கும் கட்டுமானத்தில் பெரும்பகுதி கடந்த 250 ஆண்டுகளைச் சேர்ந்தது.

அண்மைக்கால வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. 1959 செப்டெம்பரில் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், அப்போது இங்கே தலைமைப் பிக்குவாக இருந்த மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர் சதிக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார். 1967இல் சிறையில் இறந்தார்.

பார்க்க வேண்டியவை

வெள்ளைத் தாதுகோபம் நெற்குவியல் வடிவானது. அநுராதபுரத்தில் நாம் பழகிய குமிழ் வடிவம் இங்கே இல்லை. சூடடித்துத் தூற்றிக் களத்தில் குவித்த பொலியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: அடி அகன்று, தோள் சரிந்து, உச்சி கூம்பி நிற்கும்.

படிமவீட்டில் இரண்டு காலங்கள் அருகருகே இருக்கின்றன. பழைய பகுதியின் சுவர்களில் கண்டிக் காலப் பாணியின் சிவப்பும் மஞ்சளும், பக்கவாட்டு முகங்களும். புதிய பகுதி, ஜே. ஆர். ஜயவர்தனவின் பாட்டி ஹெலேனா விஜேவர்தனவின் கொடையால் 20ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வெளிச்சுவரின் அடியில் குள்ளர்களும் யானைகளும் அன்னங்களும் கல்லில் வரிசையாகச் செல்கின்றன. உள்ளே 1930களிலும் 40களிலும் சோலியஸ் மெண்டிஸ் தீட்டிய ஓவியங்கள். இந்தியா போய் அஜந்தா போன்ற இடங்களைப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்கியவர் அவர். களனியின் உண்மையான செல்வம் இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

மூன்று காட்சிகளின் முன் நின்று பார்க்கலாம். ஒன்றில் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்க, தேவநம்பிய திஸ்ஸன் கடல்நீருக்குள் இறங்கி அதை ஏற்கிறான். அந்தத் துறை ஜம்புகோளம், யாழ்ப்பாணத்து மாதகல் சம்பில்துறை என்று கருதப்படுவது. இன்னொன்றில் கலிங்க இளவரசி ஹேமமாலி, புத்தரின் பல்லைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறாள். மூன்றாவதில் புத்தகோசர் விசுத்திமக்கத்தின் ஏட்டுப் பிரதிகளை மகாவிகாரைத் தேரர்களிடம் கொடுக்கிறார். பிரதிகள் மூன்று: முதலிரண்டையும் தேவர்கள் ஒளித்துவைக்க, மூன்றாம் முறை எழுதியதும் எழுத்துப் பிசகாமல் பழையவற்றோடு ஒத்திருந்ததாம். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரைநூலில் தாமே குறித்தவர் இந்தப் புத்தகோசர்.

தை மாதத்து துருது போயாவையொட்டி நடக்கும் பெரஹெரா 1927இல் தொடங்கியது.

போகும் வழியும் முறையும்

வவுனியாவில் ரயில் ஏறுகிறவர் கொழும்பு கோட்டை வரை போகத் தேவையில்லை. ராகமவில் இறங்கி உள்ளூர் ரயில் மாறினால் களனி நிலையம், அங்கிருந்து ஓட்டோ. குருநாகல் வழியே பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கிரிபத்கொடை சந்தி வசதி.

உடை வெள்ளையாக இருந்தால் நல்லது. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். செருப்பு, தொப்பி வெளியே. படம் எடுக்கும்போது சிலைக்கு முதுகு காட்டி நிற்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் 2014இல் நாடுகடத்தப்பட்டதும், 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கச் சொன்னதும் இந்நாட்டில் நடந்தவை. வாசலில் தாமரையும் நீலோற்பலமும் விற்பார்கள். விரும்பினால் வாங்கி வைக்கலாம், வற்புறுத்துவோர் இல்லை.

போயா நாளில் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்க முடியாது. ஓவியத்துக்காகப் போகிறவர்கள் வேலைநாள் ஒன்றின் காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் முற்றத்து மணல் வெறுங்காலைச் சுடும்.