ஒளியிழை வலையமைப்பில் கொள்திறனைப் பங்கிடும் நியாயம்

தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒற்றை ஒளியிழை, மின்சாரம் வேண்டாத ஸ்ப்ளிட்டர் ஒன்றால் பதினாறாகவோ முப்பத்திரண்டாகவோ கிளைத்து வீடுகளை அடையும் அமைப்பில், கீழ்நோக்கி வரும் தரவைப் பற்றிப் பெரிய சிக்கல் இல்லை, நிலையத்திலுள்ள ஓ.எல்.டி. கருவி யாருக்கு எது உரியது என்பதைத் தானே அறிந்து வரிசைப்படுத்தி அனுப்பிவிடுகிறது. விவகாரம் மேல்நோக்கிய திசையிலேதான் தொடங்குகிறது. வீடுகளிலுள்ள ஓ.என்.யு. கருவிகள் ஒன்று பேசுவதை மற்றொன்று அறியமாட்டா. இரண்டு ஒரே சமயத்தில் ஒளியனுப்பினால் இரண்டும் கலந்து பாழாகும். ஆகவே ஓ.எல்.டி. ஒவ்வொன்றுக்கும் நேரத்தை அளந்து கொடுக்கிறது. அவ்வாறு அளப்பதற்கு, தத்தம் வரிசையில் எத்தனை பைட் காத்திருக்கின்றன என்று அவையே அனுப்பும் கோரிக்கையை நம்பியிருக்கிறது. 2004-ல் நிறைவேறிய ஐ.இ.இ.இ. 802.3 ஏஎச் தரம், கோரிக்கைக்கும் அனுமதிக்கும் உரிய செய்தி வடிவங்களை வகுத்ததேயன்றி, யாருக்கு எவ்வளவு என்பதை நிர்ணயிக்கவில்லை.

இத்துறையில் முன்னோடியாகக் கருதத்தக்கது, கிளென் கிராமர், பிஸ்வநாத் முகர்ஜி, ஜெரி பெசவெண்டோ ஆகியோர் 2002-ல் வெளியிட்ட ஐபாக்ட் முறை. வினாடிக்கு 1 கிகாபிட் வேகமும் 16 ஓ.என்.யு.க்களும் கொண்ட அவர்களது மாதிரியில், ஒரு சுற்றில் எவரும் 15000 பைட்டுக்கு மேல் பெறலாகாது. அதனை அனுப்ப 120 மைக்ரோ வினாடியும் காப்பு இடைவெளியாக 5 மைக்ரோ வினாடியும் செல்ல, யாவரும் முழுமையாகக் கேட்டாலும் சுற்று 2 மில்லி வினாடியில் முடியும். குறைவாகக் கேட்டவரின் மிச்சம் பைட்டாகப் பிறருக்குப் போவதில்லை. சுற்று சுருங்கி, ஒவ்வொருவருடைய அடுத்த முறையும் விரைந்து வருகிறது. இதன் அழகை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆயினும் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒருவருக்கு மட்டுமே மிகுந்த தேவை இருப்பதாகக் கொண்டால், அவர் கோரிக்கை சென்று அனுமதி திரும்புவதற்கே ஏறத்தாழ 200 மைக்ரோ வினாடி ஆகும். 325 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை 15000 பைட் என்ற கணக்கில், ஒரு கிகாபிட் வழியில் பெரும்பகுதி வெறுமையாய்க் கிடக்க, அவர் பெறுவது சுமார் 370 மெகாபிட் மட்டுமே.

இக்குறையை நீக்க, சாடி அஸ்ஸியும் அவர்தம் சகாக்களும் 2003-ல், மிச்சத்தை அதிகம் கேட்டவர்களுக்குள் அவரவர் கோரிக்கையின் விகிதப்படி பகிரலாம் என்றனர். விகிதம் என்றவுடன் நியாயம் என்று மனம் இசைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இசைவு நிலைப்பதில்லை. ஆளுக்கு 15000 பைட் உறுதியளிக்கப்பட்ட நால்வர் முறையே 3000, 9000, 20000, 40000 பைட் கேட்கின்றனர் என்போம். முதலிருவர் விட்ட மிச்சம் 18000. விகிதப்படி மூன்றாமவருக்கு 6000 கூடி 21000 ஆகிறது. அவருக்கு வேண்டியதோ 20000. எனவே 1000 வீணாகிறது. நான்காமவர் 27000 பெறுகிறார். இனி அந்த நான்காமவர் 80000 என்று கேட்கட்டும்: அவர் பங்கு 29400 ஆக உயர, ஏதும் அறியாத மூன்றாமவர் 18600-க்கு இறங்கித் தமக்கு வேண்டியதையே இழக்கிறார். இதற்குப் பொய்யுரைக்க வேண்டுமென்பதில்லை. இனி வரக்கூடிய தரவையும் ஊகித்துச் சேர்த்துக் கேட்கும் கருவியின் ஊகம் மிகுந்தாலே போதும். நெரிசல் கண்டு தன்னை அடக்கிக்கொள்ளும் டி.சி.பி. ஓட்டத்தின் வரிசை குறுகியிருக்க, அடங்காத ஓட்டத்தின் வரிசை நீண்டு வளர்வதும் இதே பலனைத் தரும். வரிசையின் நீளத்தைத் தேவையின் அளவாகக் கொண்ட இடத்திலேயே பிழை நேர்ந்துவிட்டது என்பது என் துணிபு.

மிச்சத்தைப் படிப்படியாகச் சமமாக நிரப்பி, தேவை தீர்ந்தவரை விலக்கி, எஞ்சியதை மற்றவரிடையே மீண்டும் சமமாக்கும் மாக்ஸ்-மின் முறையில் இதே நால்வரும் 3000, 9000, 20000, 28000 பெறுவர். ஒரு பைட்டும் வீணாவதில்லை. நான்காமவருக்கும் 27000-க்குப் பதில் 28000. அவர் 80000 கேட்டாலும் அது மாறுவதில்லை. நியாயமும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகை என்று இத்துறையில் அடிக்கடி எழுதப்படுவதை இவ்வொரு கணக்கே மறுக்கப் போதுமானது.

சமம் என்பது யாருக்கிடையே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது. ஓர் ஓ.என்.யு. தனி வீட்டில் இருக்கலாம். மற்றொன்று அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து பல குடும்பங்களுக்கு ஊழியம் புரியலாம். இரண்டையும் ஒரே அலகாக எண்ணுவது அக்குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி. ஆகவே நிரப்பும் வேகத்துக்கு எடை தரப்பட வேண்டும். அவ்வெடை சந்தாதாரர்களின் ஒப்பந்தத்திலிருந்து வர வேண்டுமேயன்றி, சுற்றுக்குச் சுற்று வரும் கோரிக்கையிலிருந்து வரலாகாது. அன்றியும், ஈதர்நெட் வழிப்பட்ட இவ்வமைப்பில் 1518 பைட் வரை நீளும் தரவுச் சட்டகத்தைத் துண்டாக்க முடியாது. ஒளியிழை வலையமைப்பின் மற்றொரு வகையான ஜிபானில் முடியும். எனவே முன்னதில் பங்கைக் கணக்கிட்ட பின்னர், ஓ.என்.யு. அறிவிக்கும் சட்டக எல்லைக்கு இறக்கி, இறக்கியதை அடுத்த சுற்றில் அவர் பெயருக்கே வரவு வைத்தல் வேண்டும்.