ஊர்ப்பெயரும் கோப்பையும்: மதுரை அணி வென்ற 2018

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 12, ஞாயிற்றுக்கிழமை. இந்தியக் கிரிக்கெட் வரலாற்றில் அந்நாள் லார்ட்ஸ் மைதானத்தின் தோல்வியால்தான் நினைவுகூரப்படுகிறது. இங்கிலாந்திடம் ஓர் இன்னிங்ஸும் 159 ஓட்டங்களும் வேறுபாட்டில் இந்தியா வீழ்ந்தது. இரு இன்னிங்ஸிலும் நம் அணியில் மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர், பந்து வீச்சாளரான ரவிச்சந்திரன் அஸ்வின் என்பது அத்தோல்வியின் ஆழத்தைக் காட்டப் போதுமானது.

அதே நாளில் சென்னைச் சேப்பாக்கத்தில் வேறோர் ஆட்டம் நடந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் மூன்றாம் ஆண்டு இறுதியாட்டம் அது. மோதியவை திண்டுக்கல் டிராகன்ஸ், சீச்செம் மதுரை பாந்தர்ஸ் என்னும் இரு அணிகள். திண்டுக்கல் அணியின் முகமாக அறியப்பட்ட அஸ்வின் லண்டனில் இருந்தார். அவர் இல்லாத திண்டுக்கல் 117 ஓட்டங்களுக்குள் சுருண்டது. எளிய இலக்கு எனத் தோன்றியதை மதுரையும் தொடக்கத்திலேயே அரிதாக்கிக் கொண்டது. மூன்று விக்கெட்டுகள் மளமளவெனச் சரிந்தன. பிறகு அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் இணைந்து, இறுதிவரை பிரியாமல் நின்று, ஏழு விக்கெட் வேறுபாட்டில் கோப்பையை மதுரைக்கு ஈட்டித் தந்தனர். அருண் கார்த்திக் 75, ஷிஜித் 38, இருவரும் ஆட்டமிழக்கவில்லை.

மதுரைக்கு என்று சொன்னோம். இக்கட்டுரையின் சிக்கல் அந்த நான்காம் வேற்றுமை உருபில்தான் இருக்கிறது.

அணியின் முன்கதையைச் சிறிது நோக்குவோம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இந்த லீக்கை 2016இல் தொடங்கியது. அணிகள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயர். ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்து வாங்கிய உரிமையாளர். மதுரைப் பெயர் தாங்கிய அணி முதலில் மதுரை சூப்பர் ஜயன்ட் எனப்பட்டது. முதலிரண்டு ஆண்டுகளிலும் அது லீக் சுற்றைத் தாண்டவில்லை. தோல்விக்கே பழகிப்போன அணி. 2018இல் பெயர் மாறியது. அணியும் மாறியது. அவ்வாண்டு அருண் கார்த்திக் குவித்த ஓட்டங்கள் 472.

அவ்வணியில் இன்னொருவர் இருந்தார். கட்டடக் கலை பயின்று, அத்தொழிலைச் சில காலம் பார்த்து, இருபத்தைந்து வயதை ஒட்டிக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். வேகப்பந்து வீசி, முழங்கால் காயத்தால் அதைக் கைவிட்டு, விரல்களின் நுட்பத்தை நம்பிச் சுழற்பந்துக்கு மாறியவர். அவர் வருண் சக்கரவர்த்தி. 2018 லீக்கில் அவர் எடுத்த விக்கெட்டுகள் ஒன்பதுதான். ஆனால் ஓவருக்கு ஐந்து ஓட்டங்கள்கூட விட்டுக்கொடுக்கவில்லை, சராசரி 4.7. இருபது ஓவர் ஆட்டத்தில் இது வியப்புக்குரிய சிக்கனம். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில் 20 லட்ச ரூபாய் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. 2025இல் இந்தியா சாம்பியன்ஸ் டிராபியை வென்றபோது மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட்டுகள் வீழ்த்தினார். உலகம் இன்றறியும் அந்தச் சுழலுக்கு மதுரைப் பெயர் பொறித்த சட்டையில்தான் கவனம் கிடைத்தது. இது மதுரைக்குப் பெருமையா? ஆம் எனச் சொல்லவே மனம் விழைகிறது.

ஆனால் அவ்வாண்டு லீக்கின் ஆட்டங்கள் நத்தத்திலும், திருநெல்வேலிச் சங்கர் நகரிலும், சென்னையிலும் நடந்தன. மதுரையில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. நடத்தத்தக்க மைதானம் அன்று மதுரையில் இல்லை. மதுரை அணியை நேரில் காண விரும்பிய மதுரைக்காரர் நத்தம் செல்ல வேண்டும். நத்தமோ திண்டுக்கல் மாவட்டம்; அதாவது எதிரணியின் மண்.

எதிரணி என்பதும் யோசிக்கத்தக்க சொல்லே. 1985 வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்தின் பகுதிதான். சோழவந்தானில் இருப்பவர்களுக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையின் மேலேயே நம் ஊர் இருக்கிறது. 1875இல் மதுரைக்கு வந்த பாதை அது. கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையை இரு திசைக்கும் அனுப்பிய ஊருக்கு, அந்த இறுதியாட்டத்தில் யார் பக்கம் நிற்பது? மாவட்ட எல்லைப்படி மதுரை. உறவின்படி இரண்டும். பழைய மதுரை மாவட்டத்தின் இரு பாதிகள் சேப்பாக்கத்தில் போய் மோதிக்கொண்டன என்பதே நம் கணிப்பு.

ஊர்ப்பெயரைத் தாங்குதல் நம் மரபுக்குப் புதிதன்று. சங்கப் புலவர் பலரை நாம் ஊர்ப்பெயரோடுதான் அறிகிறோம். தொல்காப்பியப் பாயிர விருத்தி எழுதிய அரசஞ்சண்முகனாரின் பெயருக்கு முன் சோழவந்தான் நிற்கிறது. பாடகரும் நடிகருமான டி.ஆர்.மகாலிங்கத்தையும் சோழவந்தானோடு சேர்த்தே நினைக்கிறோம். இங்கெல்லாம் ஊர் மனிதரை ஆக்கியது; மனிதர் ஊரைத் திருப்பி உயர்த்தினார். பெயர் என்பது அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான சான்று.

தொழில்முறை விளையாட்டில் பெயர் அவ்வாறு வருவதில்லை. உரிமையாளர் அதை வாங்குகிறார். ஆட்டக்காரர்களை 2018இல் அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. 2023 முதல் ஏலத்தில் எடுக்கின்றன. இன்று மதுரைக்கு ஆடுபவர் நாளை சேலத்துக்கு ஆடலாம். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு.

நம் மாநிலத்தின் முதல் பெரிய வெற்றியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1954-55 பருவத்தில் மதராஸ் முதன்முறையாக ரஞ்சி கோப்பையை வென்றது. பாலு அழகன்னன் தலைமையில், இந்தூரில், ஹோல்கர் அணியை 46 ஓட்டங்களில் வீழ்த்திய ஆட்டம் அது. சி.டி.கோபிநாத் சதமடித்தார், கிருபால் சிங் இரு இன்னிங்ஸிலும் அரைச்சதம் கடந்தார். ஆடிப் பிழைப்பது அன்று பெரும்பாலோர்க்கு இயலாத காலம். அலுவலகத்துக்குப் போய்க்கொண்டே ஆடினார்கள். அவர்களை மாநிலம் தேர்ந்தெடுத்தது. எவரும் விலைக்கு வாங்கவில்லை.

அதே 1955இல் அமெரிக்காவில் பேஸ்பால் உலகமும் ஒரு முதல் வெற்றியைக் கண்டது. நியூயார்க்கின் ஒரு பகுதியான புரூக்ளினின் பெயர் தாங்கிய டாட்ஜர்ஸ் அணி, 1941 முதல் 1953 வரை ஐந்து முறை இறுதித் தொடரில் யாங்கீஸ் அணியிடம் தோற்ற அணி, அவ்வாண்டு அக்டோபரில் அதே யாங்கீஸை வென்றது. புரூக்ளின் மக்கள் தெருவில் கொண்டாடினர். இரண்டே ஆண்டுகள், 1957 பருவம் முடிந்ததும் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. உரிமையாளர் கேட்ட இடத்தில் புதிய மைதானம் கட்ட நகரம் இசையவில்லை என்பதே காரணம். பழைய மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது. கோப்பை புரூக்ளினுடையது, அணி புரூக்ளினுடையதன்று என்பதை அம்மக்கள் காலம் கடந்து அறிந்தனர்.

இது எங்கோ நடந்த கதை என ஒதுக்க வேண்டா. நம் லீக்கின் முதல் கோப்பையை 2016இல் வென்றது தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். அவ்வணி பின்னர் கைமாறிச் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. காரைக்குடிக் காளை திருப்பூருக்குப் போயிற்று. காஞ்சி அணி நெல்லைக்குப் போயிற்று. அந்தத் திருப்பூர் அணி 2025இல் கோப்பையையும் வென்றது. காரைக்குடியில் அன்று கைதட்டியவர்கள் இருந்திருப்பார்களா, இருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இங்கே நம் ஊர் வெற்றிலையை நினைக்காமலிருக்க முடியவில்லை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு மண்ணில் விளைந்த இலையைச் சோழவந்தான் வெற்றிலை எனச் சட்டப்படி விற்க இயலாது. வைகை நீரும் இம்மண்ணும் இன்றி அப்பெயர் இல்லை. ஓர் இலையின் பெயருக்கு உள்ள காவல் ஓர் அணியின் பெயருக்கு இல்லை!

அப்படியாயின் 2018இன் வெற்றி பொய்யா? அன்று என்பதே நம் முடிவு. அறுவடை முடிந்த வயலில் தாள்கட்டைகளுக்கு நடுவே, நீர் வற்றிய வைகை மணலில், டென்னிஸ் பந்தில் ஆடும் பிள்ளைகளுக்கு அந்தக் கோப்பை ஒரு செய்தி சொன்னது. மதுரை என்னும் சொல் தொலைக்காட்சித் திரையில் வெற்றிக்குப் பக்கத்தில் எழுதப்படலாம் என்பதே அச்செய்தி. அதை வாங்கிய பெயர்தான் சொன்னது என்றாலும், கேட்ட காது நம்முடையது.

ஆனால் அச்செய்தி நிலைக்க மண் வேண்டும். 2025 அக்டோபரில் மதுரைச் சிந்தாமணிப் பகுதியில் தனியார் கல்வி நிறுவனம் ஒன்று எழுப்பிய கிரிக்கெட் மைதானத்தை மகேந்திரசிங் தோனி திறந்து வைத்தார். மதுரை கோப்பை வென்று ஏழாண்டுகள் கழித்து மதுரைக்கு மைதானம் வந்திருக்கிறது. முறைமாறிய வரிசைதான், ஆயினும் மகிழ்ச்சியே. இனி நாம் கேட்க வேண்டியது அடுத்த கோப்பை எப்போது என்பதன்று. அந்த மைதானத்தின் புல்லை வாடிப்பட்டி வட்டத்துப் பிள்ளை ஒருவன் என்றைக்கு மிதிப்பான், கார்க் பந்தையும் பயிற்சியாளரையும் அவனிடம் யார் கொண்டு சேர்ப்பார் என்பதே கேள்வி.

அவன் ஆடும் அணி நாளை எப்பெயரில் எவ்வூருக்குப் போனாலும் போகட்டும். அவன் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊரை எந்த உரிமையாளராலும் மாற்ற இயலாது.