வேகத் தெய்வத்தின் காணிக்கை

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து மெக்கானிக் பர்ட் மன்றோவை (1899–1978) நாம் மறத்தலாகாது. 1920-இல் வாங்கிய இண்டியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிளை வாழ்நாளெல்லாம் செப்பனிட்டவர் அவர். அதன் தொடக்க வேகம் மணிக்கு 55 மைல். பிஸ்டன்களையும் தம் கொட்டகையிலேயே வார்த்தார். உடைந்து வீணானவற்றை எறியாமல் அலமாரியில் அடுக்கி, ‘வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை’ என்ற பொருள்பட எழுதிவைத்தார்.

1967-இல், அறுபத்தெட்டாம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், 1000 சிசிக்கு உட்பட்ட பிரிவில் அவர் நிறுவிய சாதனை 183.586 மைல் எனப் பதிவாயிற்று. அக்கணக்கில் பிழையிருப்பதை அவருடைய மகன் பின்னாளில் கண்டறிந்தார். 2014-இல் அது 184.087 எனத் திருத்தப்பட்டது. அதைக் காண மன்றோ இல்லை.

நம்மை நெகிழ்விப்பது அந்த அலமாரியே. நாம் எழுதிக் கிழித்த தாள்களை எந்தத் தெய்வத்துக்குப் படைத்தோம்?