மலைமுகட்டிலே மாய்ந்த விமானங்கள்

பதுளைப் பகுதியின் போக்குவரத்து வரலாற்றை எழுதப் புகுவோர், மாட்டுவண்டியில் தொடங்கி, 1924ஆம் ஆண்டிலே பதுளையை எட்டிய புகையிரதத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வானவழி தோட்டத்து மக்களுக்கு உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி உடன்படிக்கைப்படி இந்தியா சென்ற குடும்பங்களும் புகையிரதத்திலே தலைமன்னாரை அடைந்து, கப்பலேறியே கடல் கடந்தன. ஆயினும் விமானம் இம்மலைகளை அறவே விட்டு விலகி நின்றதில்லை.

2020ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாட் காலையில், வீரவிலவிலிருந்து புறப்பட்ட இலங்கை விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளையிலே வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். சீனாவின் ஹார்பின் நகரில் ஆக்கப்பெறும் இவ்வகை விமானம், குறுந்தூரப் பயணிகளுக்கென அமைந்த சிறு விமானமாகும். விமானப்படையின் ஹெலிற்றுவர்ஸ் சேவை உள்நாட்டுப் பயணிகளை ஏற்றிச் சென்றதும் இத்தகைய விமானத்திலேயே. அன்று அது கண்காணிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தமையால் பயணிகள் எவரும் இலர்.

இங்கு நிலத்தின் இயல்பு நோக்கற்பாலது. வீரவில கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். அதிலிருந்து ஏறத்தாழ 40 மைல் தொலைவிலுள்ள அப்புத்தளையோ ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் உள்ளது. தென் சமவெளியிலிருந்து மலை மதில்போல எழுகின்றது. ஈரக்காற்று அம்மதிலில் மோதி, மேலேறிக் குளிர்ந்து முகிலாகின்றது. வெயில் காய்ந்த கணவாய் சிறிது நேரத்துள் மூடுபனியில் மறைந்துபோவதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நன்கறிவர். நிலத்தைக் கண்ணாற் கண்டு பறக்கும் சிறு விமானத்துக்கு இதனினும் இடர்மிக்க இடம் வேறு வேண்டுவதில்லை.

தமிழகத்திலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. திருவனந்தபுரத்துக்கும் மதுரைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கின்றது. 1971 டிசம்பர் 9ஆம் நாள், அவ்வழியே சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் அவ்ரோ 748 விமானம் சின்னமனூரை அடுத்த மலையில் மோதிற்று. 31 பேரில் 21 பேர் உயிரிழந்தனர். நிகழ்ந்தது பகற்பொழுது, ஆனால் பார்வை குன்றிய வானிலை. மதுரைக்கு ஏறத்தாழ 50 மைல் எஞ்சியிருக்கையிலேயே விமானம் தாழ இறங்கிவிட்டது. நம் நாட்டு எயர் சிலோன் நிறுவனமும் இதே வகை விமானத்தை உள்நாட்டுச் சேவைக்குப் பயன்படுத்தியது என்பதை நினைவிற்கொள்க.

பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்த லயன்எயர் விமானம் 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் மன்னார்க் கடலில் 55 பேருடன் அழிந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகக் கொள்ளப்படும் அந்நிகழ்ச்சியை விபத்தென்று எழுதுவது பொருந்தாது. தரைவழி அடைபட்டமையால் வானவழியை நாடிய எளிய மக்களே அதில் மாண்டனர்.

மலைநாடு கண்ட பேரழிவு மேற்கூறிய இலங்கை நிகழ்ச்சிகளுக்கு முந்தியது, விமானமும் பெரியது. 1974 டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றி, கொழும்பு வழியாக ஜெத்தா செல்லவிருந்த ஒல்லாந்தரின் மார்ட்டின்எயர் விமானம், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதியது. மாண்டோர் 191 பேர், ஒருவரும் பிழைத்திலர். விதியென்று கூறி அமைவது எளிது. ஆனால் விசாரணை கண்ட காரணம் வேறு: கட்டுநாயக்காவுக்குத் தாம் எவ்வளவு அண்மையில் உள்ளோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, காவலான உயரத்துக்குக் கீழே இறங்கிவிட்டனர். நிலையம் இன்னும் ஏறத்தாழ 40 கடல்மைல் மேற்கே இருந்தது. சின்னமனூரில் நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

அவ்வாண்டு தோட்டங்களிலே பட்டினிச் சாவுகள் நிகழ்ந்த ஆண்டு. அத்தகைய காலத்திலே, தாம் கண்டறியாத நாட்டவரின் சாவு அம்மக்களின் லயங்களுக்கு அண்மையில் நேர்ந்தது. அந்த யாத்திரிகர்க்கு நோட்டன் பிறிட்ஜில் ஒரு நினைவுச்சின்னம் உண்டு.